கிராம சபையில் உங்கள் கோரிக்கையைத் தீர்மானமாக்குவது எப்படி: முழுமையான வழிகாட்டி

கிராம சபைக்குப் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் ஏமாறுகிறார்கள். மைக் கைக்கு வருகிறது. மனதில் உள்ளதையெல்லாம் கொட்டுகிறார்கள். கைதட்டல் கிடைக்கிறது. தலைவரும் "கண்டிப்பா பண்ணிடலாம்" என்கிறார். அடுத்த கூட்டத்தில் அதே ஆள், அதே பேச்சு. நடுவில் ஒரு நாள் தீர்மானப் புத்தகத்தை வாங்கிப் பார்த்திருந்தால், அவர் பேசியதில் ஒரு வரிகூட அதில் ஏறவில்லை என்று தெரிந்திருக்கும்.

நானும் முதல் இரண்டு கூட்டங்களில் அப்படிப் பேசிவிட்டு வந்தவன்தான். அதன்பிறகு எங்கள் தெருவுக்காகவும், கேட்டு வந்த சிலருக்காகவும் இதே வேலையைப் பலமுறை செய்ததில் ஒரு வரிசை பிடிபட்டது. அந்த வரிசையில்தான் கீழே எழுதியிருக்கிறேன். இது தமிழ்நாட்டின் கிராம ஊராட்சிகளுக்கானது. நகரத்தில் இருப்பவர்களுக்குப் பகுதி சபை என்று தனி ஏற்பாடு இருக்கிறது, அதன் விதிகள் வேறு.

1. வாக்காளர் பட்டியலில் பெயரைப் பாருங்கள்

கிராம சபை உறுப்பினராக எந்த விண்ணப்பமும் தேவையில்லை. 1994-ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் 3-வது பிரிவுப்படி, அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிற எல்லோரும் உறுப்பினர்கள்தான். வார்டு மெம்பருக்கு இருக்கும் அதே குரல் உங்களுக்கும் அங்கே உண்டு.

இதை ஏன் முதல் வேலையாகச் சொல்கிறேன் என்றால், வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் பலர் ஓட்டை அங்கேயே மாற்றிக்கொண்டிருப்பார்கள். லீவுக்கு வந்த இடத்தில் நன்றாகத் தயார் செய்துகொண்டு வந்து பேசுவார்கள். "தம்பி, உங்க ஓட்டு இங்க இல்லையே" என்று ஒருவர் எழுந்து கேட்டால் போதும், பேச்சு அந்தப் பக்கம் திரும்பிவிடும். உங்கள் நிலைமை அதுவானால், மனுவை ஊரில் ஓட்டு உள்ள அம்மா பெயரிலோ அண்ணன் பெயரிலோ கொடுங்கள். நீங்கள் எழுதிக் கொடுக்கலாம், பேசுவது அவர்களாக இருக்கட்டும்.

2. பிரச்சினை யாருடையது என்று பிரியுங்கள்

பாதித் தீர்மானங்கள் கிடப்பில் போவது இந்த இடத்தில்தான். ஊராட்சியால் செய்ய முடியாத வேலையை ஊராட்சியைச் செய்யச் சொல்லித் தீர்மானம் போட்டால், "எங்க கையில இல்லீங்க" என்ற ஒரே பதிலோடு முடிந்துவிடும். அந்தப் பதில் பொய்யும் இல்லை.

ஊராட்சியின் நேரடிக் கடமைகள் சட்டத்தின் 110-வது பிரிவில் இருக்கின்றன: ஊராட்சிச் சாலைகள், தெருவிளக்கு, வடிகால், தெருக்களைச் சுத்தம் செய்வது, சுடுகாடு இடுகாடு, குடிநீருக்கான கிணறு போன்றவை. இவற்றில் ஒன்று என்றால், "செய்ய வேண்டும்" என்று தீர்மானம் போடலாம்.

பட்டா வருவாய்த் துறையிடம். பேருந்து போக்குவரத்துக் கழகத்திடம். ரேஷன் கடை உணவு வழங்கல் துறையிடம். இவற்றுக்கும் கிராம சபையில் தீர்மானம் போடலாம், ஆனால் வாசகம் வேறு: "இன்ன துறைக்குப் பரிந்துரைத்து அனுப்ப" என்று வர வேண்டும்.

குழப்பம் வருவது நடுவில் இருக்கும் விஷயங்களில். தெருவிளக்கில் பல்பும் ஃபிட்டிங்கும் ஊராட்சியின் பொறுப்பு, கம்பமும் கம்பியும் மின்வாரியத்துடையது. சாலையில் ஊராட்சிச் சாலை, ஒன்றியச் சாலை, நெடுஞ்சாலைத் துறைச் சாலை என்று மூன்று வகை. ஒரே ரோட்டில் போய்க்கொண்டிருக்கும்போதே உரிமையாளர் மாறிவிடுவார். ஏரியில் ஆயக்கட்டு, அதாவது அந்த ஏரித் தண்ணீர் பாயும் நிலம், 40 ஹெக்டேருக்கு மேல் இருந்தால் நீர்வளத் துறை, குறைந்தால் பெரும்பாலும் ஊராட்சி ஒன்றியம். சந்தேகம் என்றால் ஊராட்சிச் செயலரிடம், அதாவது ஊரில் எல்லோரும் கிளார்க் என்று கூப்பிடுகிறவரிடம், முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். இதைச் சொல்ல அவர் தயங்க மாட்டார். தன் வேலை இல்லை என்பதை யாரும் சந்தோஷமாகத்தான் சொல்வார்கள்.

3. இடத்துக்கே போய்க் குறிப்பெடுங்கள்

"தண்ணியே வர்றதில்ல" என்பது புகார். தீர்மானத்துக்கு அது போதாது. எத்தனை வீடு, எந்தத் தேதியிலிருந்து, எங்கே தடை என்ற மூன்றுக்கும் பதில் வேண்டும்.

எங்கள் தெருவில் தண்ணீர் நின்றபோது மோட்டார் ரிப்பேர் என்றுதான் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தோம். ஒரு நாள் காலை ஆறு மணிக்குத் தொட்டி ஆபரேட்டரோடு நடந்து போனேன். மேல்நிலைத் தொட்டி நிறைந்துதான் இருந்தது. தெருமுனையில் மண் மூடிக் கிடந்த குழியை அவர் மண்வெட்டியால் கிளறிக் காட்டினார். உள்ளே கேட் வால்வின் தண்டு துருப்பிடித்து, பாதி திறந்த நிலையில் இறுகிப் போயிருந்தது. "இத மாத்தணும் சார், நானும் எத்தன தடவதான் சொல்றது" என்றார். அதுவரை நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தது புது மோட்டார். தேவைப்பட்டது ஒரு வால்வு.

அந்த அரை மணி நேரம் நடக்காமல் விட்டிருந்தால், பல மடங்கு செலவுள்ள வேலையைக் கேட்டு, நிதி இல்லை என்ற பதிலை வாங்கியிருப்போம். வேலை சின்னதாக இருக்க இருக்க, ஊராட்சியின் சொந்த நிதியிலேயே முடியும் வாய்ப்பு கூடும். தேதி தெரிகிற மாதிரி இரண்டு போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

4. தீர்மான வாசகத்தை நீங்களே எழுதுங்கள்

முழு வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால், இதைச் செய்யுங்கள். கூட்டத்தில் செயலர் தீர்மானப் புத்தகத்தில் எழுதும்போது வேகமாக எழுதியாக வேண்டும். நீங்கள் பத்து நிமிடம் பேசியதை அவர் ஒரு வரியாகச் சுருக்குவார். அந்தச் சுருக்கத்தை அவர் கையில் விடாதீர்கள்.

புதியவர்கள் எழுதிக் கொண்டுவருவது இப்படி இருக்கும்:

"எங்கள் தெருவில் பல மாதங்களாகக் குடிநீர் வருவதில்லை. மக்கள் பெரிதும் அவதிப்படுகிறார்கள். உடனடியாக நடவடிக்கை எடுக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்."

இதில் ஒன்றுமே இல்லை. எந்தத் தெரு? பல மாதம் என்றால் எத்தனை? நடவடிக்கை என்றால் என்ன? ஒரு நோட்டீஸ் ஒட்டினாலும் நடவடிக்கைதான். இதையே இப்படி எழுதிப் பாருங்கள்:

"2-வது வார்டு வடக்குத் தெருவில் 14 வீடுகளுக்கு பிப்ரவரி முதல் குழாயில் தண்ணீர் வரவில்லை. தெருமுனையில் உள்ள கேட் வால்வு பழுதடைந்ததே காரணம். அந்த வால்வை ஊராட்சியின் பொது நிதியிலிருந்து மாற்றி, மே 31-க்குள் குடிநீர் விநியோகத்தைச் சரிசெய்ய இக்கிராம சபை தீர்மானிக்கிறது."

இடம், அளவு, காரணம், என்ன வேலை, எந்தப் பணம், எந்தத் தேதிக்குள், எல்லாம் வந்துவிட்டது. இதைப் பின்னால் "முடிந்ததா, இல்லையா" என்று ஒற்றை வார்த்தையில் சோதிக்கலாம். அப்படிச் சோதிக்க முடியாத வாசகத்தை எழுதாதீர்கள்.

கடைசிச் சொல்லையும் கவனியுங்கள். "கேட்டுக்கொள்கிறோம்" என்று முடிந்தால் அது மனு. "இக்கிராம சபை தீர்மானிக்கிறது" என்று முடிந்தால்தான் தீர்மானம்.

இன்னொரு தவறு, ஒரே தாளில் குடிநீர், விளக்கு, சாக்கடை, நாய்த் தொல்லை எல்லாவற்றையும் எழுதுவது. ஒரு தாளில் ஒரு வேலை மட்டும். நான்கு இருந்தால் அதில் எளிதானதை மட்டும் செய்துவிட்டு, மனுவின் மேல் நடவடிக்கை எடுக்கப்பட்டது என்று கோப்பை மூடிவிடலாம். மற்ற மூன்றும் அதோடு காணாமல் போகும்.

5. எந்தக் கூட்டத்தில் வைப்பது என்று கணக்குப் போடுங்கள்

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. முன்பு நான்காக இருந்தது, 2022-இல் தண்ணீர் தினமான மார்ச் 22-உம் நவம்பர் 1-உம் சேர்ந்தன. தேர்தல் நடத்தை விதிகள் அமலில் இருக்கும்போது கூட்டம் நடக்காமல் போகலாம், அதை மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

இடைவெளிகள் சமமாக இல்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. மே 1-க்கும் ஆகஸ்ட் 15-க்கும் நடுவில் 106 நாள் இருக்கிறது. அக்டோபர் 2-க்கும் நவம்பர் 1-க்கும் நடுவில் 30 நாள்தான். மதிப்பீடு போட்டு ஆள் வைத்துச் செய்ய வேண்டிய வேலையை மே 1-இல் வையுங்கள். ஆகஸ்ட் 15-இல் "ஏன் முடியவில்லை" என்று கேட்கும்போது, நேரம் போதவில்லை என்ற சாக்கு எடுபடாது. பல்பு மாற்றுவது மாதிரியான சின்ன வேலையை அக்டோபர் 2-இல் வைத்தால் ஒரே மாதத்தில் பதில் கேட்கலாம்.

6. கூட்டத்துக்கு முன்பே மனுவைக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள்

கூட்டம் நடப்பது பற்றி ஏழு நாள் முன்பாக அறிவிப்பு வர வேண்டும். அந்த அறிவிப்பு வந்ததும் உங்கள் மனுவையும் தீர்மான வாசகத்தையும் இரண்டு பிரதியாக எடுத்துக்கொண்டு ஊராட்சி அலுவலகம் போங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றொன்றில் தேதியோடு கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்கள். தர மறுத்தால் சண்டை வேண்டாம். அதே மனுவை விரைவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள், வேலை ஒன்றுதான்.

முன்கூட்டியே கொடுப்பதால் "திடீர்னு கேட்டா எப்படி" என்ற பேச்சுக்கு இடமில்லாமல் போகிறது. தலைவருக்கும் அது மரியாதை. சபையில் வைத்து அவரை மடக்கினால் அன்றைக்குக் கைதட்டு கிடைக்கும், வேலை நடக்காது. முந்தின நாளே "தலைவரே, இந்தப் பொருளை நாளைக்கு எடுக்கணும்" என்று சொல்லிவிட்டால், பல நேரம் அவரே அதை வாசித்துவிடுவார். யார் வாசித்தால் என்ன?

தலைவர் பதவி காலியாகித் தனி அலுவலர் பொறுப்பில் இருக்கும் ஊராட்சியிலும் இதே முறைதான். மனுவில் முகவரியை மட்டும் மாற்றுங்கள்.

7. ஆட்களைச் சேருங்கள்

கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தபட்ச வருகை வேண்டும். ஊராட்சியின் மக்கள் தொகை 500 வரை என்றால் 50 பேர், 501 முதல் 3,000 வரை 100 பேர், 3,001 முதல் 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர். ஆள் குறைந்தால் கூட்டம் தள்ளிப்போகும், உங்கள் தீர்மானமும் கூடவே தள்ளிப்போகும்.

வாட்ஸப்பில் ஒரு செய்தி போட்டுவிட்டு ஊரே வந்துவிடும் என்று நம்பாதீர்கள். 14 வீட்டுப் பிரச்சினை என்றால் அந்த 14 வீட்டுக்கும் நேரில் போய்ச் சொல்லுங்கள், முக்கியமாகப் பெண்களிடம். தண்ணீர் எந்த நாள் வந்தது, எந்த நாள் வரவில்லை என்று தேதி வாரியாகச் சொல்லக்கூடியவர்கள் அவர்கள்தான். மைக்கில் பேச வேண்டியதில்லை, "ஆமா, எங்க வீட்டுக்கும் வரல" என்று இருந்த இடத்திலிருந்து சொன்னாலே போதும்.

8. கூட்ட நாளில் செய்ய வேண்டியவை

சீக்கிரம் போய் முன்வரிசையில் உட்காருங்கள். முதலில் ஊராட்சியின் வரவு செலவுக் கணக்கு வரும். அந்தக் கணக்குக்கான படிவம் 30-இன் சுருக்கத்தை ஃபிளெக்ஸில் எழுதி எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்திருக்க வேண்டும். போனதும் அதை ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள். குடிநீர்ப் பராமரிப்பு என்று எவ்வளவு செலவு எழுதியிருக்கிறது என்பது உங்கள் வால்வுக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட விஷயம். அதை வைத்து ஆளைக் குற்றம் சாட்ட வேண்டியதில்லை. "இந்தத் தொகையில எங்க தெரு வேலை எது" என்று கேட்டால் போதும்.

உங்கள் முறை வரும்போது இரண்டு நிமிடத்துக்கு மேல் பேசாதீர்கள். பெயர், வார்டு, பிரச்சினை ஒரு வரி, அப்புறம் தீர்மான வாசகத்தை அப்படியே படியுங்கள். பழைய கதை, போன தேர்தலில் யாருக்கு வேலை செய்தோம் என்பதெல்லாம் வேண்டாம். அதில் ஒரு வார்த்தை விழுந்தாலும் எதிர்த் தரப்பு எழுந்துவிடும், வால்வு மறந்துபோகும்.

படித்து முடித்ததும் தாளைச் செயலரிடம் கொடுத்து, "இதை அப்படியே எழுதிட்டுப் படிச்சுக் காட்டுங்க" என்று கேளுங்கள். ஒரு முறை என் ஆறு வரித் தீர்மானம் புத்தகத்தில் "குடிநீர் வசதி செய்து தர வேண்டுதல்" என்று ஏறியிருந்தது. வேண்டுமென்றே செய்ததாக நான் நினைக்கவில்லை, அவருக்கு அது பழக்கம். படித்துக் காட்டச் சொன்னதால்தான் தெரிந்தது. அதற்குக் கீழேயே முழு வாசகத்தையும் எழுத வைத்தோம். கூட்டத்தைப் பார்வையிட ஒன்றியத்திலிருந்து பற்றாளர் ஒருவர் வந்திருப்பார். சிக்கல் வந்தால் அவரிடம் சொல்லுங்கள்.

கையெழுத்து விஷயத்தில் மிகவும் கவனமாக இருங்கள். கூட்டம் தொடங்கும்போது ஒரு நோட்டு கை மாறி வரும், எல்லோரும் வருகைக்காக என்று நினைத்துப் போட்டுவிட்டு அடுத்தவரிடம் தள்ளுவார்கள். ஒரு கூட்டத்தில் பக்கத்திலிருந்த அக்கா என்னிடம் நோட்டை நீட்டியபோது பார்த்தேன், பக்கத்தின் மேல்பாதி வெறுமையாக இருந்தது, கீழே நாற்பது கையெழுத்து. மேல்பாதியில் என்ன எழுதப்படும் என்று அந்த நாற்பது பேருக்கும் தெரியாது. வருகைப் பதிவு என்று தலைப்பு எழுதியிருந்தால் போடுங்கள். தீர்மானப் பக்கத்தில், எழுதி முடித்து வாசித்த பிறகுதான் போட வேண்டும். கடைசித் தீர்மானத்துக்கும் முதல் கையெழுத்துக்கும் நடுவில் இடம் விட்டிருந்தால், அங்கே ஒரு குறுக்குக்கோடு போடச் சொல்லுங்கள். கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும்.

9. நகல் வாங்குங்கள்

கூட்டம் முடிந்து ஒரு வாரத்துக்குள் தீர்மான நகல் கேட்டு எழுதிக் கொடுங்கள். கிடைத்துவிட்டால் நல்லது. இழுத்தடித்தால் 2005-ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது.

ஒரு வெள்ளைத்தாளில் எழுதி, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, வட்டார வளர்ச்சி அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். தகவல் வேறு அலுவலகத்தில் இருந்தால், ஐந்து நாளுக்குள் மாற்றி அனுப்புவது அவர்கள் கடமை. பதில் 30 நாளில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை.

இங்கே எல்லோரும் செய்யும் தவறு, "ஏன் இன்னும் வால்வு மாற்றவில்லை?" என்று கேட்பது. ஏன் என்ற கேள்விக்கு விளக்கம் எழுதித் தர அந்தச் சட்டம் அவர்களைக் கட்டாயப்படுத்தாது. ஏற்கெனவே கோப்பில் இருக்கும் ஆவணத்தைத்தான் கேட்க முடியும். "மே 1 கிராம சபைத் தீர்மானங்களின் நகல், 2-வது வார்டு வால்வு தொடர்பான மதிப்பீட்டின் நகல், செலவுச் சீட்டின் நகல்" என்று கேளுங்கள். அப்படி ஒரு ஆவணம் இல்லை என்று பதில் வந்தால், வேலை தொடங்கவில்லை என்பதை அவர்களே எழுதிக் கொடுத்ததாக ஆகிவிடும்.

10. அடுத்த கூட்டம் வரை

தீர்மானத்தில் போட்ட தேதி கடந்த மறுநாள் இடத்துக்குப் போய்ப் பாருங்கள். முடிந்திருந்தால் போட்டோ எடுத்துத் தெரு குரூப்பில் போட்டு, தலைவருக்கும் ஆபரேட்டருக்கும் பெயர் சொல்லி நன்றி சொல்லுங்கள். இதைப் பலர் செய்வதில்லை. அடுத்த மனுவோடு போகும்போது அந்த ஒரு செய்தி எவ்வளவு உதவுகிறது என்பது பிறகு தெரியும்.

முடியவில்லை என்றால் வரிசையாக மேலே போங்கள்: முதலில் வட்டார வளர்ச்சி அலுவலர் (கிராம ஊராட்சி), அங்கே நடக்காவிட்டால் திங்கட்கிழமை மக்கள் குறைதீர் நாளில் மாவட்ட ஆட்சியர். ஊராட்சிகளின் ஆய்வாளர் என்ற பொறுப்பு ஆட்சியரிடம்தான் இருக்கிறது. படியைத் தாண்டி நேராக ஆட்சியரிடம் போனால், மனு சுற்றிக் கீழே வந்து அதே பி.டி.ஓ. மேசையில்தான் நிற்கும், நாள்தான் வீண். ஒவ்வொரு மனுவோடும் தீர்மான நகல், ஒப்புகை, இரண்டு போட்டோ இணையுங்கள். பக்கம் பக்கமாக எழுத வேண்டாம்.

அடுத்த கிராம சபையில் புது மனு கொடுக்காதீர்கள். புது மனு என்றால் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். "மே 1 தீர்மானம் எண் இன்னது, அதன் நிலை என்ன?" என்று கேட்டு, சொல்லும் பதிலைப் புத்தகத்தில் எழுத வையுங்கள்.

எங்கள் வால்வு ஜூலை மாதம் மாறியது, போட்ட தேதிக்கு ஆறு வாரம் தாமதம். குழியை மூடிய மண் இன்னும் ரோட்டில்தான் குவிந்து கிடக்கிறது. அதற்கான தாளை ஆகஸ்ட் 15-க்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.